உறங்குபவர் பெயர்

“இதுல ‘உறங்குபவர் பெயர்’னு போட்டிருக்கே, அது யாரு? குழந்தையா, நானா?”

கீழ்வீட்டு அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் போய் வந்தவள், ஒரு படிவத்தின் ஒரு வரிக்கு அர்த்தம் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். ‘இரவில் குழந்தை இருக்கும் அறையில் உறங்குபவர் பெயர்’ என்று அச்சடித்திருந்தது. எதிரே அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு.

“குழந்தை பேரை முதல் பக்கத்துலயே எழுதிட்டோம். அப்ப இது நீங்கதான் போல இருக்கு” என்றேன்.

“நான் எங்க தூங்கப் போறேன்?” என்றார் அக்கா. “அடுத்தவங்க குழந்தையை வாங்கி வச்சுக்கிட்டு யாராவது தூங்குவாங்களா? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்குவேன். யாரும் இல்லைன்னு எழுது.”

‘யாரும் இல்லை’ என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளியில் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அந்த இரண்டு சொற்கள்தான் பளிச்சென்று தெரிந்தன.

அக்காவைத் தெருவில் எல்லோரும் உஷ் அக்கா என்றுதான் சொல்வார்கள். பகல் நேரத்தில் நான்கு குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை நான்கும் தூங்கும். அந்த ஒன்றரை மணி நேரம் தெருவே அக்காவுக்குச் சொந்தம். வாசலில் வண்டி ஹாரன் அடித்தால் ஜன்னலில் ஒரு விரல் தெரியும், பிறகு “உஷ்”. தபால்காரர் அந்த வீட்டு மணியை அடித்து இரண்டு வருடம் ஆகிறது, கதவை நகத்தால் சுரண்டுவார். எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை தும்மியதற்கும் ஜன்னலில் விரல் தெரிந்ததாம். “தும்மலுக்கு லைசென்ஸ் வாங்கிட்டுத்தான் இந்தத் தெருவுல குடி வரணும்” என்று அவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். மாடியில் குடியிருக்கும் நாங்கள் அந்த நேரத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படி இறங்குவோம்.

நான்கு குழந்தைகளில் மிகச் சிறியவளுக்கு எட்டு மாதம். உருளை என்று கூப்பிடுவோம். எப்படிப் படுக்கவைத்தாலும் உருண்டுவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். உடம்பும் அப்படித்தான் இருக்கும், உருளைக்கிழங்குக்குக் கை கால் வைத்த மாதிரி.

உருளையின் அம்மா ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் வேலை பார்த்தார். கணவருக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் இரண்டு மாதம்தான் கரையில் இருப்பார். காலை ஏழரைக்குக் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போய் மாலை ஐந்தரைக்கு எடுத்துக்கொள்வார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தொழிற்சாலையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆறு வாரம் கழித்து, முதல் தேதியிலிருந்து, பொட்டலம் கட்டும் வேலை முழுக்க இரவுக்கு மாறுகிறது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. விடியும்போது கடைகளில் சுடச்சுட ரொட்டி இருக்க வேண்டுமாம். முடியாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளலாம்.

அவர் அன்று மாலை அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து இதைச் சொன்னார். குழந்தையை இரவில் விட அவருக்கு வேறு இடம் இல்லை. கணவரின் அக்கா ஒருவர் இருக்கிறார், ஆனால் பஸ்ஸில் ஆறு மணி நேரம். வாரத்தில் ஐந்து இரவு உருளை இங்கேயே தூங்கினால் அவருக்கு வேலையும் இருக்கும், குழந்தையும் இருக்கும். இல்லையென்றால் இரண்டில் ஒன்றுதான். அக்கா ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “கொண்டா, பார்த்துக்கலாம்” என்றார்.

ஆனால் பகல் அனுமதி இரவுக்குச் செல்லாது. இரவுக்குத் தனிப் படிவம், தனி ஆய்வு. அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவரை மாமா என்போம். அவர் சுலபமான வழி ஒன்று சொன்னார்.

“ராத்திரி வீட்டுக்குள்ள குழந்தை தூங்குறது யாருக்குத் தெரியப் போகுது?”

“தெரிஞ்சா பகல் லைசென்ஸும் போயிடும். நாலு குழந்தையும் தெருவுல நிக்கும்” என்றார் அக்கா.

மாமா யோசித்துப் பார்த்து, “ஆமா, நீ ஒரு உஷ் சொன்னா போதும், ஆபீஸ் வரைக்கும் கேட்கும்” என்றார்.

அதனால்தான் அந்தப் படிவம் என் கையில் வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியும், எழுதவும் தெரியும். ஆனால் ஆபீஸ் எழுத்தைப் பார்த்தால் அவருக்குக் கை வேர்க்கும்.

படிவத்தோடு ஒரு பட்டியலும் தந்திருந்தார்கள், இரவில் குழந்தை தூங்கும் அறை எப்படி இருக்க வேண்டும் என்று. அதை எனக்கு மனப்பாடம் ஆகும்வரை அக்கா வாசிக்கச் சொன்னார். மூன்று வாரம் அந்த அறையிலேயே வேலை. தெரிந்தவர் வீட்டிலிருந்து வந்த குழந்தைக் கட்டிலின் மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு குளிர்பான டப்பாவை நுழைத்துப் பார்த்தார். டப்பா உள்ளே போய்விட்டது. டப்பா போனால் குழந்தையின் உடம்பும் போகும், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லி அன்றைக்கே அதைத் திருப்பி அனுப்பினார். வேறு கட்டில் வந்தது. மெத்தையை முழங்கையால் அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் போகக் கூடாது என்று நான்கு பக்கமும் சோதித்தார். ஜன்னல் திரையை இழுக்கும் கயிறு கட்டில் பக்கம் தொங்கியதால் அதை வெட்டி எறிந்தார். புகை வந்தால் அலறும் கருவியை மாமா கூரையில் பொருத்தினார். பொருத்தியது வேலை செய்கிறதா என்று பார்க்க அதன் அடியிலேயே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அது அலறிய அலறலில் நான்கு குழந்தைகளும் எழுந்துவிட்டன. மாமாவின் சிகரெட் பழக்கம் அன்றோடு முடிந்தது. முப்பது வருடமாக மனைவி சொல்லிக் கேட்காதவனை எட்டு மாதக் குழந்தை கேட்கவைத்துவிட்டதாக டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அறையைக் குழந்தைக்கு விட்டுவிட்டுத் தன் படுக்கையையும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

உருளையின் அம்மா ஒரு குட்டித் தலையணையும், பூப்போட்ட போர்வையும், பஞ்சு வாத்தும் கொண்டுவந்தார். அக்கா மூன்றையும் அவர் பையிலேயே திருப்பி வைத்தார். கட்டிலில் மெத்தையும் இழுத்துக் கட்டிய விரிப்பும் தவிர எதுவும் கூடாது. குளிருக்குப் பை மாதிரித் தைத்த உடுப்பு போதும்.

“வெறும் கட்டில்ல பாவமா இருக்குமே அக்கா” என்றார் அம்மா.

“பார்க்கிற நமக்குத்தான் பாவமா இருக்கும். அவளுக்கு மூச்சு விட இடம் வேணும்.”

முதல் தேதிக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது ஆய்வாளர் வந்தார். நடுத்தர வயதுப் பெண், தோளில் கனமான பை, மழையில் நனைந்த காலணிகளை வாசலிலேயே விட்டார். மதியத் தூக்க நேரம் என்பதால் அவராகவே கதவைச் சுரண்டினார், யாரோ தெருவில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கட்டிலை அளந்தார், மெத்தையை அழுத்தினார், ஜன்னலைத் திறந்து மூடினார், தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே போவீர்கள் என்று கேட்டார். அக்கா குழந்தையைத் தூக்குவதுபோல் கையை வைத்துக்கொண்டு நடந்தே காட்டினார். “இவ்வளவு சரியா வச்சிருக்கிற அறையை நான் இந்த வருஷம் பார்க்கலை” என்றார் ஆய்வாளர். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு படிவத்தைத் திருப்பினார். எட்டாம் பக்கத்தில் என் அழகான எழுத்துக்குப் பக்கத்தில் ஆபீஸில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்: ‘குழந்தை தனியே விடப்படுகிறது.’

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. “தனியாவா? நான் பக்கத்துலயே முழிச்சிருப்பேன் மேடம்.”

“விடிய விடியவா?”

“விடிய விடிய.”

“அஞ்சு ராத்திரியுமா?”

“அஞ்சு ராத்திரியும்.”

“காலையில மத்த குழந்தைங்க எத்தனை மணிக்கு வருவாங்க?”

“ஏழரைக்கு.”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப நீங்க எப்பம்மா தூங்குவீங்க?”

அக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மாதிரியே அவரும் உட்கார்ந்திருந்தார்.

அந்த வரி எதற்காக என்று ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். பெரியவர் ஒருவர் அதே அறையில், தனக்கென்று தனிப் படுக்கையில், தூங்க வேண்டும். குழந்தை அழுதால் எழுந்திருக்க வேண்டும், பார்த்துவிட்டு மறுபடி தூங்க வேண்டும். இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் பகலில் நான்கு குழந்தைகளை ஒப்படைக்க முடியாது. அதனால் ‘யாரும் இல்லை’ என்பதும் தவறு, அதற்கு அக்கா சொல்லும் காரணமும் தவறு. ஆனாலும் அவர் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. ஒரு வாரம் சோதனையாக வைத்துப் பார்க்கச் சொன்னார். உருளையின் அம்மாவும் அந்த வாரம் இங்கேயே கூடத்தில் படுத்துக்கொண்டால் விதியை மீறியதாகாது. அம்மாவுக்கு இன்னும் பகல் வேலைதான். இரவில் எப்போது எழுந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றார்.

கூடத்தில் படுத்திருந்து இதையெல்லாம் கேட்ட மாமா, அவர் போனதும் எழுந்து வந்தார். “அந்த வரியில என் பேரை எழுதச் சொல்லு. எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கு.”

“இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டீங்க.”

“தூங்குபவர் பேருதானே கேட்கிறாங்க, எழுந்திருப்பவர் பேரா கேட்கிறாங்க?”

நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அறையில் தனக்கு ஒரு படுக்கையை விரித்துக்கொண்டே அவர் அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினோரு வருடம் அவர் ஒரு ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளின் வார்டில், இரவு ஆயாவாக இருந்தார். கையில்லாத நாற்காலி ஒன்று தருவார்களாம். கை இருந்தால் சாய்ந்துவிடுவோம், சாய்ந்தால் தூங்கிவிடுவோம் என்று. பன்னிரண்டு தொட்டில். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒவ்வொரு குழந்தையின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வார்டில் எதை வேண்டுமானாலும் சொல்லித் திட்டுவார்கள், பொறுத்துக்கொள்ளலாம். ‘தூங்கிட்டா’ என்ற ஒரு சொல் மட்டும் யார் மேலும் விழக் கூடாது. பதினோராம் வருடம், தொடர்ந்து ஒன்பதாவது இரவு, விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது அது அக்கா மேல் விழுந்தது. குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டும் நன்றாக இருந்தன. தலைமை நர்ஸ் ரெஜிஸ்டரில் அக்காவின் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்.

“என் பேரும் அந்த வார்த்தையும் ஒரே வரியில இருந்தது ஒரு தடவை போதும்” என்றார் அக்கா. “அதான் அன்னைக்கு யாரும் இல்லைன்னு எழுதச் சொன்னேன். உன் மேல தப்பில்ல.”

அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அன்றைக்கே நான் ஏன், எதற்கு என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

சோதனை வாரம் தொடங்கியது. உருளை என்னவோ முதல் இரவிலிருந்தே நன்றாகத் தூங்கினாள். தூங்க வேண்டியவர்தான் தூங்கவில்லை. ஒவ்வொரு காலையும் நான் கீழே இறங்கியதும் உருளையின் அம்மா உதட்டைப் பிதுக்கிக் காட்டுவார். எல்லோரும் அக்காவைத் தூங்கவைக்கக் கிளம்பினோம். என் அம்மா சூடான பால் கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டுக்காரர் சாயங்காலமே தொலைக்காட்சியை அணைத்தார், தும்மல் வந்தால் தலையணையில் முகத்தை வைத்துத் தும்முவதாகவும் சொல்லியனுப்பினார். மாமா தன் தொழில் ரகசியத்தையே சொல்லிக்கொடுத்தார். “கண்ணை மூடு, வாயைத் திற. மிச்சம் தானா நடக்கும்.” அக்கா கண்ணை மூடுவாராம். மூடிய கண்ணுக்குள் உருளை கவிழ்ந்து கிடப்பது தெரியுமாம். எழுந்து பார்த்தால் நிஜமாகவே கவிழ்ந்துதான் இருப்பாள், மூக்கு பக்கவாட்டில், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு. தானாக உருளத் தெரிந்த குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தால் போதும், பிறகு அது எப்படித் திரும்பினாலும் விட்டுவிடலாம் என்று பட்டியலிலேயே இருந்தது. நான் அதை அக்காவுக்கு மூன்று முறை வாசித்தேன். அவர் தலையாட்டினார். இரவானால் போய்த் திருப்பிப் போட்டார்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு நான் கடைக்குப் போகக் கீழே இறங்கினேன். அக்கா வீட்டு வெளிக்கதவு திறந்திருந்தது. பகலில் வரும் மூன்று வயதுப் பையன் ஒரு காலில் மட்டும் ஷூவோடு தெருவின் நடுவில் நின்று, தூரத்தில் வந்த வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். வண்டிக்காரர் மெதுவாகத்தான் வந்தார். நான் போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன். உள்ளே அக்கா இன்னொரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு, அது யாருடையது என்று பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அக்கா குழந்தைகளைப் பார்க்கத் தொடங்கிய ஏழு வருடத்தில் அந்தத் தாழ்ப்பாள் ஒருநாளும் திறந்திருந்ததில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை என்று அக்காவிடமும் சொன்னேன். அவர் பையனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த ஷூவைப் போட்டுவிட்டார், லேஸை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டினார்.

ஆய்வாளர் திரும்பி வந்தது முதல் தேதிக்கு ஐந்து நாள் முன்பு. அக்கா நோட்டை நீட்டினார். அதை நான் எழுதவில்லை, அவரே எழுதியிருந்தார். பத்து பதினைந்து, திருப்பிப் போட்டேன். பத்து முப்பத்தைந்து, மூச்சு பார்த்தேன். பத்து ஐம்பத்தைந்து, மூச்சு பார்த்தேன். இப்படியே விடியும்வரை, ஏழு இரவும், இருபது நிமிடத்துக்கு ஒரு வரி. ஒரு வரியும் விட்டுப்போகவில்லை. ஆய்வாளர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். இவ்வளவு ஒழுங்காக யாரும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாது. இதைவிடத் தெளிவாகத் தான் தூங்கவில்லை என்று யாரும் எழுதிக்கொடுக்கவும் முடியாது.

“பகல் எப்படிப் போச்சு?” என்று கேட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்ல வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். உருளையின் அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து மூலையில் நின்றிருந்தார். அவர் கைகள் குழந்தையின் கால்விரல்களைப் பிடித்திருந்தன.

“அஞ்சாம் நாள் கதவைத் தாழ் போட மறந்துட்டேன் மேடம். ஒரு பையன் தெருவுக்குப் போயிட்டான்” என்றார் அக்கா.

ஆய்வாளர் நோட்டை மூடி அக்காவிடம் கொடுத்தார். பிறகு எழுதினார். பகல் அனுமதி அப்படியே இருக்கும், ஆனால் அடுத்த மாதம் மறுபடி வந்து பார்ப்பார். இரவு அனுமதி இப்போது இல்லை, ஆறு மாதம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். கிளம்பும்போது வாசலில் காலணி மாட்டிக்கொண்டே, “என் குழந்தையா இருந்தா உங்ககிட்டதான்மா விட்டிருப்பேன்” என்றார். அந்த வார்த்தையை வைத்து நாங்கள் என்ன செய்வது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை.

உருளையின் அம்மா அக்காவைக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் கணவரின் அக்காவுக்குப் போன் செய்தார். அத்தை சந்தோஷமாக ஒத்துக்கொண்டாராம். அங்கே ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள், ஒரே பெரிய கட்டில், நடுவில் போட்டுக்கொள்கிறேன், சுற்றித் தலையணை வைத்துவிடுகிறேன், விழமாட்டாள் என்று சொன்னாராம். அக்கா இதைக் கேட்டதும் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொந்த அத்தை வீட்டுக்கு எந்தப் படிவமும் வேண்டாம், யாரும் வந்து எதையும் அளக்க மாட்டார்கள். தலையணை வேண்டாம் என்று சொல்லும்படி உருளையின் அம்மாவிடம் அக்கா கேட்டுக்கொண்டார். “சொன்னேன் அக்கா, ரெண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு நீ சொல்லித்தர்றியான்னு கேட்டாங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்றது” என்றார் அவர்.

புறப்படும் நாள் மதியமும் உருளையை வழக்கம்போல அக்காவிடம் விட்டிருந்தார். பஸ் மூன்றரைக்கு. இரண்டரைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. பையைத் தூக்க உதவிக்காக நானும் அவரோடு வந்தேன். கதவைச் சுரண்டினோம், பதில் இல்லை. மெதுவாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். தாழ் போட மறந்துவிட்டாரா என்று எனக்கு ஒரு நொடி திக்கென்றது. மாமாதான் டிப்போவுக்குப் போகும்போது எங்களுக்காகத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அறையில் மற்ற மூன்று குழந்தைகளும் தங்கள் தங்கள் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தன. குழந்தைக் கட்டிலில் உருளை மல்லாக்கப் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதிசயமாக அன்றைக்கு உருளவில்லை. பக்கத்தில் நாற்காலியில் அக்கா. ஒரு கை சட்டங்களுக்கு மேலாகக் கட்டிலுக்குள் தொங்க, தலை சுவரில் சாய்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது, மாமா சொல்லிக்கொடுத்த மாதிரியே.

அக்கா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழுப்பலாம் என்று நான் கையை நீட்டினேன். உருளையின் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறு கையின் விரலை உதட்டில் வைத்தார். அவர் கண் நிறைந்திருந்தது. குழந்தையை மிக மெதுவாகத் தூக்கினார். அக்காவின் கை கீழே சரியாதபடி நான் பிடித்து மெத்தையின்மேல் வைத்தேன். உருளை ஒரு சத்தமும் போடவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள். மற்ற மூன்று குழந்தைகளுக்கும் யாராவது விழித்திருக்க வேண்டும் என்பதால் நான் அங்கேயே இருந்துவிட்டேன். பையை அம்மாவே தூக்கிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அக்கா மூன்று இருபதுக்கு எழுந்தார். மூன்று மணிக்கு எழ வேண்டிய மற்ற மூன்றும் அன்றைக்கு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தன. கண் திறக்கும் முன்பே அவர் கை மெத்தையில் மூக்கைத் தேடியது. இப்படியும் அப்படியும் தடவியது. பிறகு துள்ளி எழுந்தார், நாற்காலி விழுந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அவர் முகத்தை நான் இங்கே எழுத முயற்சி செய்யவில்லை.

“அம்மா வந்து எடுத்துட்டுப் போனாங்க அக்கா. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க” என்றேன். சொன்ன பிறகுதான் நான் எந்தச் சொல்லைச் சொன்னேன் என்று உறைத்தது.

அவர் மற்ற மூன்று குழந்தைகளின் மூக்கருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். நாற்காலியை நிமிர்த்தினார். உட்கார்ந்தார்.

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

கடிகாரத்தைப் பார்த்தார். “அம்பது” என்றார். பிறகு, “அந்த வரியில இப்ப எழுதிடு, என் பேரை” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. எழுத என்னிடம் படிவமும் இல்லை.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. உருளையின் அம்மா இரவு வேலைக்குப் போகிறார், மாதத்துக்கு ஒருமுறை ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறார். உருளை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். போன முறை அம்மாவைப் பார்த்ததும் அத்தையின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாளாம். அவர் ஊரிலிருந்து வந்ததும் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: “மல்லாக்கத்தானே படுக்க வைக்கிறாங்க?” அவர் ஆமாம் என்று சொல்வார். கட்டில் அந்த அறையிலேயே இருக்கிறது, வெறும் மெத்தையோடு. அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. மதிய நேரத்தில் தெருவில் ஹாரன் கேட்டால் இப்போதெல்லாம் சில நாள் ஜன்னலில் விரல் தெரிவதில்லை. அந்த நாட்களில் எதிர்வீட்டுக்காரர் தானே வெளியே வந்து வண்டிக்காரரைப் பார்த்து உஷ் என்கிறார்.

இன்னும் இரண்டு மாதத்தில் புதுப் படிவம் வாங்கலாம். எட்டாம் பக்கத்தில் அதே வரி, அதே அரை விரல் கோடுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் என்ன எழுதுவது என்று எனக்கு இப்போது தெரியும். அதை அக்காவால் செய்ய முடியுமா என்பது தெரியாது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த யாராவது அடுத்தவர் குழந்தையை இரவில் பார்த்துக்கொள்ளக் கிளம்பினால், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் படிவம் எழுதித் தருகிற பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், பேனாவைத் திறக்கும் முன்னால் ஏன் என்று ஒரு முறை கேட்கட்டும். படிவங்களை அச்சடிக்கிற இடத்தில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்கள் காதிலும் போட்டுவையுங்கள். எங்கள் தெருவில் அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது.